யாரோ கிடந்த தொட்டில்

அன்புள்ள பிள்ளையின் அப்பாவுக்கு,

மகள் தொட்டிலில் தூங்குகிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கந்தளாயிலிருந்து வந்த மாமி நம் இரண்டு அறை வீட்டையும், பிறர் பாவித்த கதிரை, அலுமாரியையும் சுற்றிப் பார்த்தார். "புதுசுக்கெண்டு இன்னொரு மரத்தை வெட்டுவானேன், இது நல்லாத்தானே கிடக்கு" என்றார். தொட்டிலைக் கண்டதும்தான் முகம் மாறியது.

"இதில கிடந்த பிள்ளை சுகமா இருக்குதோ? கேட்டனீங்களோ?"

நாம் கேட்கவே இல்லையே! அதன்பிறகு மகளை அதில் கிடத்த எனக்குக் கை வரவில்லை. தொட்டிலைத் தந்த உப்புவெளி திரேசம்மா அன்ரியிடம் கேட்கவும் துணிவில்லை. போன வருடம் கரு கலைந்ததற்குப் பிறகு நான் எதற்கும் பயப்படுகிறேன், உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் மாமியே தொலைபேசியில் கேட்டுவிட்டார். இன்று பின்னேரம் அன்ரி தன் மகன் அஞ்சலோவையே கூட்டி வந்தார். நம் வாசலில் குனிந்துதான் அவனால் நுழைய முடிந்தது.

"நான்தான் அம்மா அந்தப் பிள்ளை. இப்ப அதுக்குள்ள கிடக்க ஏலாது" என்றான் மாமியிடம்.

"ஓம், உனக்கு இந்த வீடே காணாது" என்று சிரித்த மாமி, தன் கையாலேயே மகளைத் தொட்டிலில் கிடத்தினார்.

அவர்கள் புறப்படும்போது, அவன் சின்னதில் ஓடிய மூன்று சில்லுச் சைக்கிளும் கிடக்கிறதா என்று மாமி விசாரித்தார். கிடக்கிறதாம். அதை எங்கே வைப்பது என்று நீங்கள்தான் யோசிக்கவேண்டும்.

இப்படிக்கு,
மகளின் அம்மா