கல்லல் வீட்டுக் கதவு

25.10.1996, வெள்ளி

கல்லல் ஊரில் இருக்கிற எங்கள் வீட்டுப் பக்கமே நான் போகக் கூடாதென்று கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியிருக்கிறாள் செல்வி. கட்டின பெண்டாட்டி. அந்த வீட்டுக் கதவு, நிலை, சன்னல் அத்தனையும் நான் இழைத்தது. குடித்துவிட்டு வந்து கதவை உதைத்தேனாம், மனுவில் எழுதியிருக்கிறது. இன்று காலை வக்கீல் எங்கள் பதில் மனுவைப் படித்துக் காட்டினார். கதவை உதைத்தது என்பது முழுப் பொய் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் முருகேசன் என் பட்டறைக்கு வந்தான். கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போட அவனைத்தான் செல்வி கூப்பிட்டிருக்கிறாள். ஓர் ஆசாரியின் வேலையில் இன்னோர் ஆசாரி கேட்காமல் உளி வைப்பதில்லை.

"நீங்க செஞ்ச கதவுண்ணே. வேணாம்னு சொன்னீகன்னா நான் போகல."

என்னைத் தடுக்கிற தாழ்ப்பாளுக்கு என்னிடமே உத்தரவு!

"போட்டுத் தொலை."

"நடுவுல போடவாண்ணே?"

"நடுவுல வேணாம்டா. நிலை அங்க விரிசல் விட்டுக் கெடக்கு, இன்னொரு ஒத தாங்காது. ரெண்டு சாண் கீழ போடு. அங்குட்டு வைரம் பாஞ்ச கட்டை, அசையாது."

வேலை ஒழுங்காக இருக்கட்டுமே என்றுதான் சொன்னேன். முருகேசன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் காலைப் பார்த்தான். "சரிண்ணே" என்று சைக்கிளை எடுத்தான்.

எதற்கு இவ்வளவு கீழே போடுகிறாய் என்று செல்வி நாளைக்கு அவனைக் கேட்பாள்.