எங்கள் ஊரில் குடிநோயாளி இல்லை என்று எழுதிய மனுவைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்
அ. மணிமொழி (வயது 47),
தலைவி, செந்தூரம் மகளிர் சுயஉதவிக் குழு,
அத்திமரப்பட்டு, கல்வராயன்மலை அடிவாரம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: குடிநோய் சிகிச்சை மையத்தை எதிர்த்து நான் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறுவது – மையம் அமைத்துத் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: எனது மனு, நாள் 10.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட மனுவை எழுதியவள் நான். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவளும் நானே. அதில் எங்கள் ஊரில் குடிநோயாளி எவரும் இல்லை என்று எழுதினேன். அது பொய். அதை எழுதிய அன்று என் கணவர் அன்புச்செல்வன் வீட்டுப் பின்கட்டில் நினைவில்லாமல் கிடந்தார்.

2. வாரம் இரண்டு நாள் மருத்துவரும் செவிலியரும் வருவார்கள், இடம் மட்டும் ஊர் தர வேண்டும் என்று அப்போது அதிகாரிகள் கேட்டார்கள். இருந்த ஒரே இடம் எங்கள் குழுவின் தையல் கூடம். பதினாறு பெண்களின் பிழைப்பு அதில் நடப்பதால் தர இயலாது என்று எழுதினேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மகள் தனுஷாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. மையம் வந்தால் குடிகார ஊர் என்று பெயராகிவிடும், விசாரிக்க வருகிறவர்கள் என் வீட்டுக்காரரையும் விசாரிப்பார்கள் என்று பயந்தேன். திருமணம் நல்லபடியாக முடிந்தது. மையம் வரவில்லை.

3. எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர் அய்யனார் கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொள்வார். அன்றோடு ஒரு சொட்டும் தொடக் கூடாது. சென்ற ஆடி மாதம் எதிர்வீட்டு மாயவன் கட்டிக்கொண்டார். கூலி வேலை செய்பவர், பல வருடங்களாகத் தினமும் குடித்தவர். கள்ளக்குறிச்சிக்கு மருந்துக்குப் போனால் கணவன் மனைவி இருவருக்கும் அன்றைய கூலி போய்விடும் என்று போகவில்லை. இரண்டாம் நாள் உடம்பெல்லாம் நடுங்கியது. சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டார். சாமி வந்து ஆட்டுகிறது என்றோம். கற்பூரம் காட்டியது நான். மூன்றாம் நாள் வலிப்பு வந்து, ஆம்புலன்ஸ் கள்ளக்குறிச்சி சேர்வதற்குள் இறந்துவிட்டார். தினமும் குடித்தவர் மருந்தில்லாமல் ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது மருத்துவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

4. மாயவன் மனைவி இருசம்மாள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ கையெழுத்து கேக்கசொல்ல நானுந்தானம்மா போட்டேன்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அந்த வாசலைத் தலைநிமிர்ந்து கடக்க முடியவில்லை.

5. இப்போது என் கணவரும் கயிறு கட்டப் போகிறேன் என்கிறார். நல்ல எண்ணம்தான், நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு முறை கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனேன். பேருந்தை விட்டு இறங்கியதும் மதுக்கடைக்குள் போய்விட்டார், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே இல்லை. நேற்றுக் காலை அவர் கை நடுங்கியதைப் பார்த்துப் பயந்து, நானே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். கட்டிய மனைவி செய்கிற காரியமல்ல இது.

6. தையல் கூடத்தைத் தருவதாகக் குழு தீர்மானம் போட்டுள்ளது. நகல் இணைத்துள்ளேன். இயந்திரங்களை மூன்று வீடுகளில் பிரித்து வைத்தால் வேலை குறையும் என்று தெரிந்தே பெண்கள் சம்மதித்தார்கள். எங்களுக்கென்று வந்த மையம் வேறு ஊருக்குப் போய்விட்டதாக அறிகிறேன். அதைத் திருப்பிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அடுத்த ஒதுக்கீட்டில் எங்கள் ஊரையும் சேர்க்க வேண்டும், அதுவரை வாரம் ஒரு நாளாவது மருத்துவர் வந்துபோக உத்தரவிட வேண்டும் என்று பணிந்து கேட்கிறேன். பழைய மனுவில் உள்ளது பொய் என்பதைக் கிராம சபையில் என் பெயரைச் சொல்லியே வாசிக்கலாம்.

7. இம்முறையும் வீடு வீடாகப் போனேன். "எங்க வூட்ல ஒருத்தர் இருக்காருங்க" என்று சொல்லிவிட்டே பேனாவை நீட்டினேன். முப்பத்தொரு பேர் "எங்க வூட்லயுந்தான்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்கள். இருசம்மாள் வீட்டில் இனி மருந்து தேவைப்படுபவர் யாரும் இல்லை. அவரும் போட்டிருக்கிறார்.

தலைகுனிவுடன்,
அ. மணிமொழி

இடம்: அத்திமரப்பட்டு
நாள்: 17.11.2025