எங்கள் வீட்டுத் தட்டல்

கெர்மாத், கீழ்ச்சூளைத் தெரு
முதல் உறைபனி நாள்

கோரிமுக்கு,

நம் வீட்டுத் தட்டலை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நீதான்.

நலமா என்று கேட்கப் போவதில்லை. கோட்டைச் சமையலறையில் அடுப்பு அணைவதே இல்லை, நலமாகத்தான் இருப்பாய்.

அப்பாவைப் பிடிக்க வந்த கோட்டை ஆட்கள் கதவை உடைக்கவில்லை. இந்தத் தெருவில் உடைந்த கதவுகள் எத்தனையோ. நம் கதவில் ஒரு கீறல்கூட இல்லை. விரலால் மெதுவாக இரண்டு, முட்டியால் ஓங்கி ஒன்று, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "உன் தம்பிதான்டி. இருக்கிற கூழை வழிச்சு வை, பசியோட வந்திருப்பான்" என்று சொல்லிக்கொண்டேதான் தாழ்ப்பாளை எடுத்தார். நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு அது.

அவர் செய்த குற்றம் உனக்குத் தெரியும். ஆளை உயிரோடு நிறுத்திப் பூசுகிற சுவருக்கு என் சுண்ணாம்பு கிடையாது என்றார். அவர் தன் சூளையை அணைத்ததும் தெருவே அணைத்தது. இப்போது வடக்குக் கோபுரத்துச் சுவருக்குள் அவரே நிற்கிறார். பூசியது போன கோடையில் அவர் கையால் சுட்ட சுண்ணாம்பு.

இங்கே ஒரு வீட்டுத் தட்டல் இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. கட்டிக்கொண்டு வருகிற பெண்ணுக்கே கல்யாணத்தன்றுதான் சொல்லித் தருவோம். அம்மா செத்த பிறகு நம் தட்டல் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் சுவரில் இருக்கிறார். ஒருத்தி இதை எழுதுகிறாள்.

தெஸ்னா


கோட்டைச் சமையலறை
பனி இறங்கும் வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சாம்பல் வண்டிக்காரி ஓஷ்கா கொடுத்தாள். "உங்கக்கா மூஞ்சியப் பார்த்து என் கழுதையே ஒதுங்கிப் போகுது, என்னய்யா பண்ணித் தொலைச்ச?" என்றாள். சமையலறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்காக நான் அழவில்லை என்று நினைக்கிறாயா? மாவு பிசையும்போது அழுகிறேன். அப்போதுதான் யாரும் பார்ப்பதில்லை.

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ரொட்டி வெந்துவிட்டதா என்று அதன் அடியில் தட்டிப் பார்ப்பது எங்கள் தொழில். வீட்டு நினைப்பில் என் கை நம் வீட்டுத் தட்டலையே தட்டியிருக்கிறது. பிரபு வர்சேக் அடுப்பறைப் பக்கம் வருவதுண்டு. மற்ற இரண்டு பிரபுக்களைப் போல இல்லை, அவருக்குக் காது கூர்மை. அப்படிக் கேட்டிருப்பார். அது என் குற்றமா?

என்னை மேல் அடுப்புக்கு மாற்றிவிட்டார்கள். பிரபுக்களின் வெள்ளை ரொட்டி இப்போது என் கையில்தான். ஒன்றை ஓஷ்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். தவிட்டுக் கூழ் உன் வயிற்றுக்கு ஆகாது. சூடாக்கிச் சாப்பிடு.

உன் அன்புத் தம்பி,
கோரிம்


கீழ்ச்சூளைத் தெரு
அதே வாரம்

கோரிமுக்கு,

உன் ரொட்டியை ஓஷ்காவின் கழுதைக்குப் போட்டேன். நன்றாகத் தின்றது. அதன் அப்பாவை யாரும் சுவரில் வைக்கவில்லை.

ரொட்டியைத் தட்டினாய், சரி. தேய்த்தாயா? அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை உள்ளங்கையால் தேய்க்கிற ஒருவனை எனக்குக் காட்டு, அவன் கையில் தோல் இருக்கிறதா பார்க்கிறேன். தட்டுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கும். தேய்ப்பு, கதவுக்கு உள்ளே காது வைத்து நிற்பவருக்கு மட்டும்தான். அதற்காகத்தான் அதை வைத்தார்கள்.

வந்தவன் தேய்த்தான். நிதானமாக, நீ தேய்ப்பது போலவே.

அது தானாக ஒருவன் காதில் விழுகிற விஷயமில்லை. கையைப் பிடித்துக் காட்டினால்தான் உண்டு. எப்போது காட்டினாய், மேல் அடுப்புக்கு முன்பா பின்பா? அதை மட்டும் எழுது. அழுததைப் பற்றி எழுதாதே.

தெஸ்னா


கோட்டைச் சமையலறை
கொடி நாளுக்கு முந்தைய வாரம்

அக்கா,

முன்பு.

பிரபு வர்சேக் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "என்னப்பா கோரிம், ரொட்டிக்குத் தாளம் போடுறியா?" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இங்கே வந்த நாளிலிருந்து நான் "ஏய் மாவு"தான். மேசைமேல் தட்டிக் காட்டினேன். "அவ்வளவுதானா?" என்றார். தேய்த்தும் காட்டினேன். "உங்கப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும், வேற ஒண்ணுமில்ல. கதவை உடைச்சா பெரியவருக்கு அடிபட்டுடும் பாரு" என்றார். நம்பினேன்.

மறுத்திருந்தால் என்னையும் பூசியிருப்பார்கள். இப்போது உனக்கு ஒரு தம்பியாவது மிஞ்சியிருக்கிறேன். நடந்ததை மாற்ற முடியுமா? நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கோரிம்


கீழ்ச்சூளைத் தெரு
கொடி நாளுக்குச் சில நாள் முன்பு

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். எனக்கு மிஞ்சியது நீ ஒருவன்தான்.

சூளையை மறுபடி மூட்டிவிட்டோம். தெரு முழுக்கப் புகை. "அல்தோவோட பொண்ணுக்கு ஒருவழியாப் புத்தி வந்துடுச்சு" என்று கோட்டை மேஸ்திரி என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனான். தலையைக் குனிந்துகொண்டேன்.

கொடி நாளில் உன்னைப் பார்க்க வரலாமா? எந்த வாசலுக்கு வர வேண்டும், உனக்கு எப்போது ஓய்வு என்று எழுது.

உன் அக்கா


கோட்டைச் சமையலறை
கொடி நாளுக்கு முந்தைய தினம்

அன்புள்ள என் அக்காவுக்கு,

"அன்புள்ள" என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தேன். சூளையில் புகை எழுவதை மாடத்திலிருந்து பார்த்தேன். பிரபுக்களுக்கும் சந்தோஷம்.

நண்பகலில் சாம்பல் வாசலுக்கு வா. காவலாட்கள் எல்லோரும் கொடி ஏற்றுகிற முற்றத்தில் குடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத்தான் ஓய்வு கிடையாது. மூன்று பிரபுக்களுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் அவர்கள் சாப்பிடுகிற நிலவறை மண்டபத்துக்கு ஒரே வாசல்தான், அதுவும் என் அடுப்பறை வழியாக. வேறு ஜன்னல்கூடக் கிடையாது. அவர்கள் எழுந்து போகிற வரை நான் நகர முடியாது. ஆனால் உனக்குக் கதவு திறப்பேன். நம் தட்டலைத் தட்டு.

கொஞ்சம் வெண்ணெயும் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
கோரிம்


சாம்பல் வாசல், வெளிப்பக்கம்
கொடி நாள், நண்பகல்

கோரிம்,

ஓஷ்காவின் வண்டியிலிருந்து கரி எடுத்து, மாவுச் சாக்குத் துணியில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். சத்தம் போட்டுப் பேச முடியாது.

தட்டினேன். தேய்த்தேன். தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்றது. சாவித் துவாரத்தில் உன் கண்ணைப் பார்த்தேன். நீயும் என் பின்னால் நிற்பவர்களைப் பார்த்துவிட்டாய். ஆமாம், சூளைத் தெரு மொத்தமும் வந்திருக்கிறது. வண்டியில் சாம்பல் இல்லை. கல்லும், கரைத்த சுண்ணாம்பும் இருக்கிறது. சூளையை மூட்டிவிட்டோம் என்று எழுதினேன், சுண்ணாம்பு யாருக்கு என்று நீ கேட்கவே இல்லை.

நீ சொன்ன ஒரே வாசலை நாங்கள் பூசப் போகிறோம். மூன்று பேரும் உள்ளே இருக்கட்டும். ரொட்டி இருக்கிறது, கொஞ்ச நாள் தாங்கும். அப்பாவுக்கு அதுவும் கொடுக்கவில்லை.

உன்னை மன்னிக்க நான் வரவில்லை. மன்னிப்பேன் என்று பொய் சொல்லித் திறக்க வைக்கவும் மாட்டேன். அந்த வேலையை வர்சேக் செய்துவிட்டான். நீ கத்தினால் முற்றத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், எங்கள் எல்லோரையும் வடக்குக் கோபுரத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். உனக்கு மேல் அடுப்பைவிடப் பெரிய அடுப்பு கிடைக்கும். நீ இன்னும் கத்தவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் நீ மூச்சு விடுவது கேட்கிறது. சுண்ணாம்பு இறுகுகிறது, அதிக நேரம் நிற்காது.

நம் வீட்டுத் தட்டலுக்கு அப்பா யோசிக்காமல் எழுந்தார்.

திற.