எதிர்க் கம்பெனியின் சிப்

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. மலிவு விலைக் கணினிகளுக்கென்று நாங்கள் செய்த சிப்புக்குப் போட்டியாக, எதிர்க் கம்பெனி அதைவிட மலிவாக ஒன்றை இறக்கிவிட்டது. இரண்டு மடிக்கணினிகளில் ஒரே வீடியோவை ஓடவிட்டு, எந்தச் சிப்பில் சார்ஜ் அதிக நேரம் தாங்குகிறது என்று பார்க்கும் வேலை எனக்கு. கைவசம் இருந்தது நம் குட்டி பள்ளியில் பாடிய வீடியோதான். அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மதியத்துக்குள் கூட வேலை செய்பவர்கள் எல்லோர் வாயிலும் அவள் பாட்டுத்தான். ஏழு மணி நேரத்தில் எங்கள் கணினி அணைந்துபோனது. மற்றதில் குட்டி பாடிக்கொண்டே இருந்தாள்.

மேலாளர் வந்து, "எது ஜெயிச்சுது?" என்றார்.

"அவங்களுதுதான் சார்."

"அதான் தெரிஞ்சுபோச்சே. நிறுத்திடுங்க."

"தானா நிக்கட்டும் சார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தன் அறைக்குப் போய்விட்டார். இன்னும் இரண்டு மணி நேரம் பாடினாள்.

எங்கள் சிப்பைச் சரிசெய்யும்வரை யாருக்கும் லீவு கிடையாதாம். பள்ளி விடுமுறைக்கு நான் வர முடியாது. குட்டியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் பாதத்தை ஒரு தாளில் வைத்து வரைந்து தபாலில் அனுப்புங்கள். நேற்று செருப்புக் கடையில் அளவு கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது.

உங்கள்
நான்