அளவு பொருந்தாத கோப்பு

அண்ணே,

அண்ணி நேற்று உங்கள் கேசட் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். திறந்ததும் பூஞ்சையும் அந்துருண்டையும் கலந்த வாடை. மேலாக, நான் உங்களுக்கு எழுதித் தந்த தாள் நாலாக மடிந்து கிடந்தது. பழைய கம்ப்யூட்டருக்கான கோப்புகளைக் கெடாமல் இறக்குவது எப்படி என்று நீங்கள் கேட்டு வாங்கியது. அதை அப்படியே இங்கே எடுத்தெழுதி, வரிசையாகவே பேசுகிறேன். எனக்கு வேறு விதமாகப் பேச வராது.

1. இறக்கியது கோப்புதானா, வெறும் இணையப் பக்கமா என்று பார்க்கவும்.
2. கோப்பை நோட்பேடில் திறந்து சேமிக்க வேண்டாம்.
3. இரண்டு முறை இறக்கி, ஒத்துப் பார்க்கவும்.
4. இணையப் பட்டியலில் உள்ள அளவோடு பொருந்தாதது கெட்ட கோப்பு. உடனே அழிக்கவும்.

முதலாவது உங்களுக்காக எழுதியது. பெயரை நம்பி இணையப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, கல்ஃபிலிருந்து நீங்கள் கொண்டுவந்த, கேசட் போட்டு ஓட்டும் அந்தக் கம்ப்யூட்டர் ஏன் எடுக்க மறுக்கிறது என்று பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டாவது, நான் செய்து பார்த்த பிழை.

மூன்றாவதைப் படித்துவிட்டுச் சிரித்தீர்கள். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நகலை மூலத்தோடு ஒப்பிட்டே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். "நான் செத்தாலும் சர்ட்டிபிகேட்ட ரெண்டு தடவ ஒத்துப் பாத்திட்டுதாம்லே நீ அழுவ" என்றீர்கள். அப்படித்தான் நடந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்று உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.

இனி அந்தக் கேசட். பரணில் வருடக்கணக்காகக் கிடந்ததை, இருதயம் தளர்ந்த பிறகுதான் இறக்கினீர்கள். ஏதோ ஒரு விமான விளையாட்டு, வீட்டில் நகலெடுத்தது. திருவனந்தபுரத்தில் பழைய கம்ப்யூட்டர்கள் சேகரிக்கும் ஒருவரிடம் கொடுத்தோம். ஒரே தடவை முழுதாக ஓடியது. திரும்பச் சுற்றும்போது நாடா அறுந்தது. கிடைத்ததைக் கோப்பாக்கித் தன் இணையப் பக்கத்தில் போட்டார். நான் இறக்கினேன். அந்த விளையாட்டுக்குப் பட்டியலில் இருந்த அளவைவிடச் சற்றுப் பெரிது. மறுபடி இறக்கினேன். அதே அளவு. மூலத்தில் இல்லாத ஒரு வரி நகலில் இருந்தால் அது பிழை என்றே பழகியவன். அழித்தேன். அவரையும் நீக்கிவிடச் சொன்னேன்.

"சாரே, ஒறப்பா?" என்று உறுதி கேட்டார்.

"ஒறப்பாக்கும்."

வாழ்நாளில் நான் தயங்காமல் சொன்ன சொற்கள் குறைவு.

சரியான அளவுள்ள கோப்பை வேறோர் இடத்திலிருந்து இறக்கி உங்களிடம் கொண்டுவந்தேன். கம்ப்யூட்டரை மாட்டிய டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைப் பொத்தான்களையெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். விமானம் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

"இது இல்லலே மக்கா. எனக்கு நம்ம டேப்பில உள்ளதாக்கும் வேண்டியது."

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. இது சுத்தமானது. அதில என்னவோ கூடுதலா கெடந்தது."

"கூடுதலா?"

"ஆமா. அழிச்சாச்சு."

ஸ்விட்சை நீங்களே அணைத்தீர்கள். "செரி. சாயா குடிச்சிட்டுப் போ" என்றீர்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைப் பற்றி நாம் பேசவில்லை. உங்களுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று அந்தக் கேசட் உறையின் உள்தாளை வெளியே எடுத்தேன். பென்சிலில், மலையாளத்தில், உங்கள் மகள் ஷைனியின் எழுத்து: 'அப்பா லீவில் வரும்போது பார்க்க. விளையாட்டுக்கு முன்னால் நான் வரைந்த நம் வீடு வரும்.' அந்த லீவுக்கு முன்பே அவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியும். படம் உண்டென்று தெரியாது. உங்களிடம் கேட்கவும் இல்லை.

திருவனந்தபுரத்துக்குப் போன் செய்தேன். அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அறுந்த நாடாவையும் எறிந்துவிட்டார். "சார் சொன்னதுகொண்டல்லே?" என்று மட்டும் கேட்டார், நான் சொன்னதால்தானே என்று.

இரண்டு முறையும் ஒரே அளவில் வந்தால் வழியில் எதுவும் கெடவில்லை என்று பொருள். மூன்றாவதை எழுதியவனே நான்தான், எழுதியதன் பொருளை யோசிக்கவில்லை. அந்தக் கோப்பை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

நீங்கள் என் தாளில் ஒரு கோடும் போடாமல் அவள் கேசட் உறையோடு ஒரே பெட்டியில் வைத்திருந்தீர்கள். கடைசி வரியை இப்போது நான் அடித்து, நகலில் திருத்தினால் செய்வதுபோல ஓரத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது.

நான்காவது தவறு, அண்ணே.