வலின்னா அங்கே என்ன சொல்லுவாங்க?

டார்னெய்ட், மெல்பர்ன்
9 மார்ச் 2025

அன்புள்ள ஹரிப்பிரியாவுக்கு,

வேதவல்லி எழுதுறேன். உன் பழைய மாமியார்தான், வேற எந்த வேதவல்லியும் இல்லை. பேரைப் பார்த்ததும் மூடி வச்சிடாதே. சித்தார்த்தைப் பத்தி இதுல ஒரு வரிகூடக் கிடையாது.

உன் போன் நம்பர் என்கிட்ட இல்லை, உன்னைக் கேட்காம உங்க அம்மாகிட்ட வாங்கவும் பிடிக்கலை. இந்த ஈமெயில் முகவரி ஒண்ணுதான் மிச்சம். விவாகரத்து ஆன கையோட நீ லாட்வியாவுக்கு, ரீகாவுல வேலைக்குப் போயிட்டதா உங்க அம்மா சொன்னாங்க. கல்யாணம் முறிஞ்சது உங்க ரெண்டு பேருக்கும்தான். நானும் உங்க அம்மாவும் பேசிக்கிட்டுதான் இருக்கோம்.

விஷயத்துக்கு வர்றேன். நான் நர்ஸா இருக்கிற முதியோர் இல்லத்துல வெல்தான்னு ஒரு அம்மா இருக்காங்க. தொண்ணூறு தாண்டியாச்சு. சின்னப் பொண்ணா லாட்வியாலேருந்து கப்பல் ஏறி வந்தவங்க. காலம் பூரா இங்கிலீஷ் பேசினவங்களுக்கு மறதி நோய் வந்து, இப்ப இங்கிலீஷ் சுத்தமா போயிடுச்சு. பிறந்த மொழி மட்டும்தான் நிக்குது. குளிக்க வச்சா ஊரே கூடுற மாதிரி கத்துறாங்க. போன வாரம் குளிப்பாட்டப் போன பொண்ணைக் கடிச்சே வச்சிட்டாங்க. பூட்டு போட்ட பகுதிக்கு மாத்தி, அடங்கிக் கிடக்க மருந்து குடுக்கலாம்னு மேனேஜர் சொல்றாங்க. மாசக் கடைசியில மீட்டிங். சொந்தம்னு பெர்த்ல ஒரு அண்ணன் மகன். நீங்களே பார்த்துச் செய்ங்கன்னுட்டார்.

அந்தப் பகுதிக்குள்ள போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இந்த அம்மாவுக்கு வெறி ஒண்ணும் பிடிக்கலை, எங்கேயோ வலிக்குது. இந்த வேலையிலேயே தலை நரைச்சவ நான், எனக்குத் தெரியாதா? போன்ல மொழிபெயர்ப்பாளரை வச்சுக் கேட்டுப் பார்த்தாங்க. வலிக்குதான்னு அவர் கேட்டார், அந்தம்மா இல்லைன்னாங்க, போனைத் தூக்கி எறிஞ்சாங்க. வலி இல்லைன்னு எழுதி முடிச்சாச்சு.

இங்கிலீஷ்ல 'பெய்ன்'னு ஒரே வார்த்தை. ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எவ்வளவுன்னு கேட்பாங்க. நம்ம ஊர்ல அப்படியா கேட்கிறோம்? குத்துதா, குடையுதா, எரியுதா, கடுக்குதா, மரத்துப்போச்சான்னு ஒவ்வொண்ணா கேட்டாத்தானே பதில் வரும். அத்தனைக்கும் அங்கே என்ன சொல்லுவாங்கன்னு எனக்கு வேணும். தமிழ் எழுத்துலயே எழுது. நீ அனுப்புவே, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

வேதவல்லி

*

ரீகா
11 மார்ச் 2025

வேதவல்லி மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த நோயாளிக்காக மட்டும் எழுதுகிறேன்.

பொதுவாக வலிக்கிறது என்பதற்கு 'ஸாப்' என்பார்கள். ஆனால் நீங்கள் சொன்னபடி அது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எரிந்தால் 'டெக்', குத்தினால் 'டுர்'. உள்ளுக்குள் மந்தமாக உளைந்துகொண்டே இருந்தால் 'ஸ்மெல்ட்ஸ்'. மரத்துப்போனால் 'திர்ப்ஸ்த்', அரித்தால் 'நியெஸ்'. எங்கே என்று கேட்க 'குர்'. ஆம் என்றால் 'யா', இல்லை என்றால் 'நே'.

நின்றுகொண்டு கேட்காதீர்கள். எதிரில் உட்கார்ந்து முதலில் 'லப்டியென்' என்று வணக்கம் சொல்லுங்கள். வயதானவர்கள் அதை எதிர்பார்ப்பார்கள்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை.

ஹரிப்பிரியா

*

டார்னெய்ட்
16 மார்ச் 2025

அன்புள்ள ஹரிப்பிரியாவுக்கு,

மேடம்னு போட்டிருக்கே. இந்த ஊர்ல கடைக்குட்டிப் பொடிசுகூட என்னை 'வேதா'ன்னு பேர் சொல்லித்தான் கூப்பிடுது. ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு மரியாதை கிடைச்சது, சந்தோஷம்.

நீ சொன்ன மாதிரியே நாற்காலியை இழுத்துப் போட்டு எதிர்ல உட்கார்ந்தேன். லப்டியென் சொன்னதும் அந்தம்மா தலையை நிமிர்த்தி என்னை மேலேயும் கீழேயும் பார்த்தாங்க. ஸாப்னு கேட்டேன். நே. நியெஸ்னு கேட்டேன், என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிச்சே போட்டாங்க. அப்புறம் பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி எனக்கு அதைத் திருத்திச் சொல்லிக் குடுத்தாங்க. நானும் விடலை, திருப்பிச் சொன்னேன். அடுத்ததா டெக்னு கேட்டேன் பாரு, சிரிப்பு நின்னு போச்சு. என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்து, தன்னோட இடது விலாவுக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினாங்க. தொட விடலை. டெக், டெக்னு சொல்லி அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துடுச்சு.

சட்டையைத் தூக்கிப் பார்த்தா புண் எதுவும் இல்லை. மங்கலா பட்டை மாதிரி ஒரு தழும்பு, அவ்வளவுதான். பழைய குறிப்பைப் புரட்டினேன். இங்கே வர்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு அக்கி வந்திருக்கு. அக்கி ஆறினாலும் நரம்புல எரிச்சல் நின்னுடும். ஷவர் தண்ணி மேல பட்டா தணல் கொட்டின மாதிரி இருக்கும். வலிக்குதான்னு கேட்டா அவங்க எப்படி ஆமான்னு சொல்லுவாங்க? அவங்களுக்கு அது வலியே இல்லை, நெருப்பு.

தண்ணி ஊத்த மாட்டேன், மெதுவா துடைச்சு விடறேன்னு எப்படிச் சொல்றது? என் வாய்க்கு வர்ற மாதிரி சின்னதா எழுது. அது சரி, இவ்வளவு வார்த்தையை நீ எங்கே கத்துக்கிட்டே? கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இதெல்லாமா பேசிக்குவாங்க?

வேதவல்லி

*

ரீகா
19 மார்ச் 2025

வேதவல்லி அவர்களுக்கு,

'பெஸ் ஊடென்ஸ்' என்றால் தண்ணீர் இல்லாமல். 'லேநாம்' என்றால் மெதுவாக. இந்த ரெண்டையும் சொல்லி, துணியைக் கையில் காட்டினால் போதும், புரிந்துகொள்வார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆபீஸ்ல கத்துக்கலை. போன வருஷம் எனக்குப் பித்தப்பையில ஆபரேஷன். தனியாத்தான் போய்ப் படுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது, தயவுசெய்து சொல்லிடாதீங்க. மயக்கம் தெளிஞ்சதும் அங்கிருந்த நர்ஸ் ஸாப்னு கேட்டாங்க. எனக்கு நம்ம வீட்டுப் பழக்கம், ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன். அவங்க போகலை. டெக்? டுர்? ஸ்மெல்ட்ஸ்?னு ஒவ்வொண்ணையும் நடிச்சுக் காட்டி, நான் ஆமான்னு சொல்ற வரைக்கும் கேட்டாங்க. அப்படிக் கத்துக்கிட்டதுதான்.

உங்க வீட்டுல இருந்த வரைக்கும் எல்லாரும் என்கிட்ட சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு கேட்டீங்க. பாசமாத்தான் கேட்டீங்க. சித்தார்த்தும் நானும் ஒரே வீட்டுல மாசக்கணக்கா பேசாம இருந்தது உங்க கண்ணுல படாம இருந்திருக்காது. ஒரே ஒரு தடவை, என்னம்மா பிரச்சினைன்னு கேட்டீங்க. ஒண்ணுமில்லை அத்தைன்னேன். நீங்களும் தோசை ஊத்தப் போயிட்டீங்க. வெல்தாம்மா சொன்ன 'நே' மாதிரிதான் அதுவும். வார்த்தையை மாத்தி இன்னொரு தடவை கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன்.

கோபத்துல எழுதலை. கோபமா இருந்தா வார்த்தை அனுப்பியிருக்க மாட்டேன். மீட்டிங்ல என்ன ஆச்சுன்னு எழுதுங்க.

ஹரிப்பிரியா

*

டார்னெய்ட்
30 மார்ச் 2025

அன்புள்ள ஹரிக்கு,

வெல்தாம்மா எங்கேயும் போகலை. அவங்க அறையிலேயே, அதே ஜன்னல் பக்கத்துலேயே இருக்காங்க.

மீட்டிங்ல டாக்டர் நான் சொன்னதைப் பொறுமையா கேட்டார். அவரையும் கூட்டிட்டுப்போய் அந்தம்மா எதிர்ல உட்கார வச்சு, அவர் வாயாலயே டெக்னு கேட்க வச்சேன். அதே இடத்துக்கு அந்தம்மா கை போச்சு. நரம்பு எரிச்சலுக்குன்னு தனி மருந்து ஆரம்பிச்சாச்சு. மேனேஜரும் பிடிவாதம் பிடிக்கலை, ஷவர் வேண்டாம், துணிக்குளியல் போதும்னு எழுதிட்டாங்க. கடி வாங்கின பொண்ணுதான் இப்ப லேநாம், லேநாம்னு சொல்லிக்கிட்டே துடைச்சு விடுறா. நேத்து அந்தம்மா அவ கன்னத்தைத் தட்டி 'பல்டியெஸ்'னு சொன்னாங்களாம். அப்படின்னா நன்றின்னு போன்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டோம். அந்த நன்றி உனக்குச் சேர வேண்டியது, அதான் எழுதுறேன்.

நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். சமாதானம் எதுவும் சொல்லப்போறதில்லை. சொன்னா உனக்கும் பிடிக்காது, எனக்கும் வராது.

சித்தார்த் பேச்சு வராதுன்னு வாக்குக் குடுத்திருந்தேன், இங்கே மீறுறேன். யார் மூலமாவோ உன் காதுக்கு வர்றதைவிட நானே சொல்றதுதான் முறை. ஜூன்ல, இங்கே த பேசின்ங்கிற இடத்துல இருக்கிற பிள்ளையார் கோவில்ல அவனுக்குக் கல்யாணம். பொண்ணு பேர் வினுஷா. அவளும் என்னை அத்தைன்னுதான் கூப்பிடப்போறா. அதுக்காக அந்த வார்த்தையை நீ அவளுக்குக் காலி பண்ணிக் குடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

வார்த்தையை மாத்திக் கேட்கணும்னு நீதான் சொன்னே. கேட்கிறேன். குர், எங்கே? டெக்கா, டுரா, ஸ்மெல்ட்ஸா? ஒண்ணுமில்லைன்னு எழுதினா அடுத்த வார்த்தையோட அடுத்த கடிதம் வரும். இனிமே தோசை ஊத்தப் போக மாட்டேன்.

ஜூலையில எனக்கு லீவு. ரீகாவுக்கு டிக்கெட் போட்டாச்சு. நீ வர வேண்டாம்னு சொன்னா ஊரைச் சுத்திப் பார்த்துட்டு, உன் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காம திரும்பிடுவேன். ஆனா நீ சொல்ல மாட்டே.

நீ ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டியும் உன் அத்தை,
வேதவல்லி

*

ரீகா
4 ஏப்ரல் 2025

அத்தைக்கு,

வெல்தாம்மா செய்தியைப் படிச்சு ஆபீஸ்லயே சத்தம் போட்டுச் சிரிச்சேன். பக்கத்துல இருந்தவங்க என்னன்னு கேட்டாங்க. எங்க அத்தை லாட்விய மொழி பேசுறாங்கன்னு சொன்னேன்.

நீங்க கேட்டதுக்கு இந்தத் தடவை ஒழுங்கா பதில் சொல்றேன். மெல்பர்னை விட்டு வந்த புதுசுல டெக். அந்த ஊர் பேரைக் கேட்டாலே எரியும். அப்புறம் ரொம்ப நாள் ஸ்மெல்ட்ஸ், உள்ளுக்குள்ள உளைச்சல், அதுவும் ஞாயித்துக்கிழமை வந்துட்டா நாள் பூரா. நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து வடாம் பொரிச்சுத் தின்னுக்கிட்டே உங்க ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் பேசுவோமே, அந்த நேரத்தை நினைச்சு. கல்யாணச் செய்தியைப் படிச்சதும் டுர்னு ஒரு குத்து, பொய் சொல்லலை. கோட்டு மாட்டிக்கிட்டு ஆத்தங்கரையில கொஞ்ச தூரம் நடந்துட்டு வந்தேன்.

இப்ப நியெஸ். ஆறுற புண் அரிக்கத்தான் செய்யும்னு ஒரு நர்ஸுக்கு நான் சொல்லணுமா?

ஜூலையில வாங்க. ஏர்போர்ட்டுக்கு நான் வர்றேன், நீங்களா டாக்ஸி பிடிச்சுக் கிளம்பிடாதீங்க. அப்ப இங்கே ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பேச நேரம் நிறைய கிடைக்கும். வடாம் கொண்டு வாங்க. சித்தார்த்துக்கு என்கிட்டேருந்து வாழ்த்து எதுவும் வராது, அதை எதிர்பார்க்காதீங்க. அவர் நல்லா இருக்கட்டும்.

வினுஷாவுக்காக மட்டும் ஒண்ணு கேட்கிறேன் அத்தை. அவகிட்ட சாப்பிட்டியான்னு கேட்டதோட நிறுத்திடாதீங்க.

ஹரி