வெள்ளைப் பூ வந்தது

12 பிப்ரவரி 1958, புதன்
திருமயம்

விமானம் ஓட்டப் படிக்க நான் எந்த நாட்டுக்குப் போவதென்று இன்று அம்மன் கோயிலில் பூ வைத்துக் கேட்டாயிற்று. அப்பச்சிக்கு மகன் இங்கிலாந்து போனால்தான் கௌரவம். எனக்கு ஆஸ்திரேலியா. அங்கே இங்கிலாந்து மாதிரி மூடுபனி விலகட்டும் என்று தரையில் காத்துக் கிடக்க வேண்டாம். சீக்கிரம் முடித்துத் திரும்பலாம். பொங்கலிலிருந்து இதே சண்டை. கடைசியில் ஆத்தாதான், "அங்கிட்டா இங்கிட்டான்னு சாமி சொல்லட்டும்" என்றாள். நானும் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

இங்கிலாந்துக்கு வெள்ளைப் பூ, ஆஸ்திரேலியாவுக்குச் சிவப்பு; தனித்தனியாகப் பொட்டலம் கட்டியாயிற்று. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"இன்னொரு தரம் கேக்கலாமா?" என்றேன்.

"ஒரு காரியத்துக்கு ஒரு தரந்தான் தம்பி," என்றார் பூசாரி. அப்பச்சி சிரித்துக்கொண்டே கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் விடுவிடுவென்று முன்னால் நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆத்தா ரசத்தை ஊற்றிவிட்டு, கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"எந்த ஊருன்னுதான் கேட்டேன். ஒன்னய அனுப்பலாமான்னு கேக்கவே இல்லையேடா."

சிவப்பு வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். காலையிலிருந்து என் பூவைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நாளைக்குப் போயி அதையும் கேட்டுட்டு வா ஆத்தா."

"ஒரு தரந்தானேப்பா," என்றாள். கோயிலில் வாங்கி முந்தானையில் முடிந்திருந்த வெள்ளைப் பூவை இன்னும் அவிழ்க்கவில்லை.